தோட்டத்தில் தானாக முளைத்த ஊதாப் பூச்செடி: பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

யாரும் நடாத ஒரு செடி மதில் ஓரமாக வந்து, காலையில் ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்குகிறது. இது என்ன செடி? பட்டாசுக்காய்ச் செடியாக இருக்கலாம். பூவின் நிறத்தை மட்டும் நம்பினால் குழப்பம்தான். நித்தியகல்யாணியும் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூக்கும்.

முதலில் இலையைப் பாருங்கள். ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கின்றனவா? பட்டாசுக்காய்ச் செடியில் எதிரெதிராக இருக்கும். ஆனால் நித்தியகல்யாணியிலும் அப்படித்தான், அதனால் இது மட்டும் போதாது.

அடுத்து, இளந்தண்டு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் நித்தியகல்யாணி, அரளி, எருக்கு வகையறா. இவை நச்சுச் செடிகள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எந்தச் செடியையும் வாயில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

பால் வரவில்லையா? சரி, பூவுக்கு வருவோம். நித்தியகல்யாணிப் பூ மெல்லிய குழல்மேல் தட்டையாக விரியும். பட்டாசுக்காய்ப் பூ புனல் மாதிரி அகன்று, விளிம்பில் 5 மடல்களாகப் பிரியும். காலையில் விரிந்த பூ அன்றைக்கே உதிர்ந்துவிடும்.

அப்புறம் காய். எனக்குப் பிடித்த சோதனை இதுதான். பழுப்பாகக் காய்ந்த, கூர்முனையுள்ள காயைத் தண்ணீரில் போட்டுச் சற்றுப் பொறுங்கள். பட்டென்று இரண்டாகப் பிளந்து, தட்டையான விதைகள் தெறிக்கும். நனைந்த விதையைத் தொட்டால் வழவழப்பாக ஒட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கும் பட்டாசுக்காய்தான் இது! தாவரவியல் பெயர் ருயெல்லியா டியூபரோசா. கனகாம்பரத்தின் குடும்பம், பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. இலை மட்டும் நீளமாக, ஒடுங்கலாக இருந்தால், நர்சரியில் மெக்சிகன் பெட்டூனியா என்று விற்கும் இன்னொரு ருயெல்லியாவாக இருக்கலாம்.

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் போன்ற செயலிகளையும் பயன்படுத்தலாம். பூவின் முகம், பக்கவாட்டு, இலை அமைப்பு, காய் எனத் தனித்தனியாகப் படம் எடுங்கள். செயலி தரும் பெயரை மேலே சொன்ன அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பல்லாண்டுச் செடிதானா என்பதை வேர் சொல்லிவிடும். ஓரமாக மண்ணைக் கிளறினால் விரல் போன்ற கிழங்கு வேர்கள் கொத்தாகத் தெரியும். கோடையில் மேலே காய்ந்தாலும் மழைக்குத் துளிர்ப்பது அதனால்தான். செடி வேண்டாமென்றால் காய் முற்றும் முன்பே கிழங்கோடு தோண்டி எடுங்கள். வெறுமனே பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும்.