தங்கச்சி கையெழுத்து எங்கே? சிறு நகரத்தில் வீடு வாங்குவோரும் விற்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்ப்பத்திரம் பாருங்கள், வக்கீலிடம் காட்டுங்கள், ஜெராக்ஸை நம்பிப் பணம் தராதீர்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடலாம். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் முதன்முறை வீடு வாங்குபவர்கள் சறுக்குகிற இடம் வேறு. அங்கே விலைக்கு வருவதில் நிறைய, அப்பாவோ தாத்தாவோ கட்டி, பிள்ளைகள் வெளியூர் போனபின் பூட்டிக் கிடக்கிற வீடுகள். தரகரும் தெரிந்தவர், விற்பவரும் தெரிந்தவர். "நம்ம ஊர்க்காரர்தானே" என்ற பேச்சிலேயே பாதி விசாரணை நின்றுபோகிறது.

பெண் பிள்ளைகளின் கையெழுத்தை விடுவது

"அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு, அவங்க எதுவும் கேக்க மாட்டாங்க." இந்தப் பேச்சை நம்பி இன்றைக்கும் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. போட்ட நகையும் செய்த சீரும் சட்டத்தில் பங்கைக் கழிப்பதில்லை. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் 1956 முதலே சம பங்கு. "1989க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று திண்ணையில் சொல்வார்கள். அந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அப்பா சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பூர்வீகச் சொத்திலும் 2005 மத்தியத் திருத்தமும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தபிறகு அந்தப் பேச்சு செல்லாது. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. பங்கின் அளவு மாறலாம், ஆனால் அங்கேயும் மகளுக்குப் பங்கு உண்டு.

மகளையாவது யாராவது ஞாபகப்படுத்திவிடுவார்கள். பாட்டியை ஒருவரும் நினைப்பதில்லை. உயில் எழுதாத இந்து ஆண் ஒருவர் இறக்கும்போது அவருடைய தாயார் உயிரோடு இருந்தால், தாயாரும் மனைவி, பிள்ளைகளோடு முதல் வகுப்பு வாரிசு. 1998இல் அப்பா இறந்தார், 2003இல் பாட்டி இறந்தார் என்று வையுங்கள். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பாட்டிக்கு வந்த பங்கு, அவர் இறந்ததும் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் பிரிந்துபோயிருக்கும். அதாவது சித்தப்பாவும் அத்தையும் உள்ளே வந்துவிட்டார்கள். வாரிசுச் சான்றில் "தாயார்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். அவசரத்தில் புரட்டினால் கண்ணில் படாது.

வாரிசுச் சான்று, இறந்தவருக்கு ஒன்று. அப்பாவுக்கு வாங்கிய சான்றில் இருக்கிற அக்கா பிறகு இறந்திருந்தால், அவருக்குத் தனிச் சான்று வேண்டும். அவருடைய கணவரும் பிள்ளைகளும் அதில்தான் தெரிவார்கள். அந்தப் பிள்ளைகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் அந்தப் பிள்ளைக்காக அதன் அப்பா போட்ட கையெழுத்தை, மேஜரானபின் மூன்று வருடத்துக்குள் பிள்ளை எதிர்த்து வழக்குப் போடலாம்.

இதை விட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. அண்ணன் தம்பி இருவரும் கிரயம் எழுதிக் கொடுப்பார்கள், பத்திரம் பதிவாகும், பட்டாகூட மாறும். வாங்கியவர் மாடி எடுத்துக் கட்டுவார். ஏழெட்டு வருடம் கழித்து அவர் விற்கப் போகும்போதோ லோன் கேட்கும்போதோ, வங்கியின் வக்கீல் "மூணாவது வாரிசோட விடுதலைப் பத்திரம் எங்கே?" என்பார். தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் அது. அப்போது போய்த் தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினால், அன்றைய சந்தை விலைக்குத்தான் பேச்சு. மாடி கட்டிய காசும் அந்த விலைக்குள் வந்துவிடும். அண்ணன் தம்பி தங்கள் பங்கைத்தான் விற்றிருக்கிறார்கள் என்பது சட்டத்தின் கணக்கு. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, சொத்துரிமை மாற்றச் சட்டம் 44ஆம் பிரிவின்படி சேர்ந்து குடியிருக்கவும் உரிமை இல்லை. பாகப்பிரிவினை வழக்குதான் வழி.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. அட்வான்ஸுக்கு முன்னால் குடும்ப மரத்தை நீங்களே வரையுங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வது மட்டும் போதாது. அந்தப் பெரியவர் இறந்தபோது அடித்த பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையைத் தேடிப் பிடியுங்கள். மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒருவர் விடாமல் பெயர் போட்டிருப்பார்கள். தெருவில் இஸ்திரி போடுபவரும் அடுத்த வீட்டு அம்மாவும் மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள். சிறு ஊரில் வீடு வாங்குவதன் பெரிய வசதியே இதுதான். பெருநகர அடுக்குமாடியில் இப்படிக் கேட்க ஆள் கிடையாது.

வாரிசுகள் எல்லோரும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகவே கையெழுத்துப் போடட்டும். இல்லையென்றால் முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கட்டும். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய சம்மதக் கடிதம் எதற்கும் உதவாது. தங்கச்சியைச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வைக்கிற தந்திரமும் அப்படித்தான். சாட்சி போட்டதால் அவர் பங்கு உங்களுக்கு வந்துவிடாது. அவரவர் பங்குப் பணம் அவரவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு பவர் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பதிவு நாளுக்கு, பவர் கொடுத்தவரின் உயிர்வாழ் சான்றும் தயாராக இருக்கட்டும்.

ஒரே எண்ணில் வில்லங்கம் பார்ப்பது

நகராட்சிப் பகுதியில் ஒரே மனைக்குப் பழைய சர்வே எண், வார்டு, பிளாக்கோடு நகர சர்வே எண், பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று பல முகவரி. புதிய எண்ணை மட்டும் போட்டுப் பார்த்து "வில்லங்கம் இல்லை" என்று வந்தால், அந்த எண்ணின் கீழ் எதுவும் இல்லை என்றுதான் பொருள். பழைய எண்ணில் அடமானம் உட்கார்ந்திருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எடுத்துப் பழைய, புதிய எண்களைப் பொருத்துங்கள். பிறகு இரண்டிலும் குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கம் போடுங்கள். 1975 முதல் உள்ளதைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம் பிரிக்கப்பட்ட ஊரானால், பழைய பதிவுகளைத் தாய் அலுவலகத்தில் கேட்க வேண்டியிருக்கும். பதிவாகாத உயிலும் கைமாற்றுக்கு ஈடாகக் கொடுத்த பத்திரமும் எந்த வில்லங்கச் சான்றிலும் வராது.

பொதுச்சுவர், சந்து, கிணறு

ஒட்டு வீடுகளில் சுவர் யாருடையது, கொல்லைப்புறச் சந்து பொதுவா, கிணற்றில் பாதி பாத்தியமா என்பதெல்லாம் பத்திரத்தின் சொத்து விவரத்தில் இருக்கும். பழைய பத்திரத்திலிருந்து புதியதற்கு நகல் எடுக்கும்போது இந்த வரிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. நாலு பக்கமும் டேப் பிடித்து அளந்தபின், மூலைக்கு மூலையும் அளவெடுங்கள். பக்க அளவு நான்கும் சரியாக இருந்தும் மனை கோணலாக இருக்கலாம். அப்போது சதுரடி குறையும்.

பதிவில்லாத கிரய ஒப்பந்தம்

1.12.2012 முதல் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். விவாதமே வேண்டாம்.

ஒத்திக்கு இருப்பவர்

வாடகைக்காரர் என்று சொல்வார்கள். போய்ப் பேசினால் மூன்று லட்சம் ஒத்திப் பணம் நிற்கும். எவ்வளவு, எந்தத் தேதி, யார் திருப்பித் தருவது என்பதை அவர் வாயாலேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பவருக்கு: பதிவுக்கு முன் சாவி

வெள்ளையடிக்க என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ரொக்கம்

வீடு, நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதத்தை விற்பவரின் வருமான வரியாகப் (டிடிஎஸ்) பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் அவர் பங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 50 லட்ச வரம்பும் அங்கே கிடையாது, பிடிக்க வேண்டிய வரியும் பல மடங்கு. ஆடிட்டரைக் கேட்காமல் செக் எழுத வேண்டாம்.

நிலுவை

சொத்து வரி ரசீதை மட்டும் காட்டுவார்கள். குடிநீர்க் கட்டணமும் பாதாளச் சாக்கடைக் கட்டணமும் தனிக் கணக்கு. வீடு பூட்டிக் கிடந்த வருடங்களுக்கும் அவை ஏறிக்கொண்டேதான் இருக்கும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் மூன்று ரசீதும், மின் இணைப்பைப் பெயர் மாற்ற விற்பவர் கையெழுத்திட்ட சம்மதமும் கையில் இருக்கட்டும். பணம் கைமாறியபின் அந்தக் கையெழுத்துக்கு அவரை ஊர் ஊராகத் தேட வேண்டிவரும்.