தோட்ட ஆபீஸ் போனும் வாய்ஸ்மெயிலும்: கூப்பிடுகிறவருக்குப் பதில் கிடைக்க என்ன செய்யலாம்

காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்து எல்லோரும் காட்டுக்குப் போன பிறகுதான் தோட்ட ஆபீஸுக்கு போன் வர ஆரம்பிக்கும். செம்பனை ஆலையிலிருந்து கூப்பிடுவார்கள், லாரி டிரைவர் கூப்பிடுவார், தமிழ்ப்பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிடுவார், வேலையை விட்டு நின்ற பெரியவர் ஒருவர் இபிஎப் (ஊழியர் சேமநிதி) கடிதம் என்ன ஆச்சு என்று கேட்பார். ஆபீஸில் இருப்பது ஒரே கிராணி (குமாஸ்தா), அவரும் சம்பளக் கணக்கை எடுத்துக்கொண்டு துரையை, அதாவது மேனேஜரைப் பார்க்கப் போயிருப்பார். போன் அடித்து அடித்து ஓய்ந்துவிடும். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் போய்ப் பார்க்கிற பல ஆபீஸ்களில் இதே கதைதான், இத்தனைக்கும் எல்லா மேசைப் போன்களையும் வெளி லைனோடு இணைக்கும் நல்ல கீபோன் பெட்டி சுவரில் தொங்குகிறது, ஆள் எடுக்காவிட்டால் செய்தியைப் பதிந்து வைக்கும் வாய்ஸ்மெயிலும் அதிலேயே இருக்கிறது. அஞ்சல், தொலைத்தொடர்புத் துறைக்கு அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. இங்கே ஒரு ஆபீஸ் போன் எடுக்க ஆளில்லாமல் அடிப்பதைக் கேட்டால் எனக்கு மனசு கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வசதியைப் போடுவதாக இருந்தாலும் கூப்பிடுகிறவர் பக்கம் நின்று யோசித்துப் போடுங்கள். ஆபீஸ் ஆட்களுக்குத் தொல்லை குறைய வேண்டும் என்று மட்டும் அமைத்த சிஸ்டத்தில், வெளியிலிருந்து கூப்பிடுகிறவர் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

உங்கள் பெட்டி எந்த வகை?

போனின் பின்பக்கம் வரும் வயரைப் பாருங்கள். மெல்லிய, சின்ன முனை கொண்ட வயர் என்றால் பழைய வகை கீபோன், சுவர்ப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியாக வயர் போயிருக்கும். கம்ப்யூட்டருக்குப் போடுவது போன்ற தடித்த நெட்வொர்க் வயர் என்றால் அது இண்டர்நெட் வழி ஓடும் வகை. இரண்டிலும் வேலை ஒன்றுதான், பொத்தான்களும் எண்களும் மட்டும் மாறும். கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறுவதால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன எண்ணை அப்படியே அழுத்திப் பார்க்க வேண்டாம். எந்த வசதிக்கு எந்த எண் என்று பொருத்தியவர் கொடுத்த கோட் தாளைத் தேடுங்கள், பெரும்பாலும் பெட்டிக்கு மேலேயோ பைல் அலமாரியிலோ இருக்கும். கிடைக்கவில்லை என்றால் அவரையே கூப்பிட்டு வாங்குங்கள். அதில் தினமும் தேவைப்படுவதை மட்டும் தமிழிலும் மலாயிலும் எழுதி, பிளாஸ்டிக் போட்டு, ஒவ்வொரு போன் பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள்.

இண்டர்நெட் வகைகளில் நிறைய ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளின் மேல் கட்டியவை. 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அதன் மேல் ப்ரீபிபிஎக்ஸ் (ஆஸ்டரிஸ்க்கை எளிதாக அமைக்க உதவும் மென்பொருள்) போட்டு, எண்களை யாரும் மாற்றாமல் வைத்திருந்தால் இப்படி இருக்கும்: உங்கள் வாய்ஸ்மெயில் பெட்டியில் செய்தி கேட்க *97, வேறு மேசையிலிருந்து கேட்க *98, எல்லா அழைப்பையும் வேறு எண்ணுக்குத் திருப்ப *72, அதை எடுக்க *73, தொந்தரவு வேண்டாம் என்று வைக்க *78, எடுக்க *79.

அப்புறம், வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டிய சிஸ்டமா என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். அப்படியென்றால் அவசரத்துக்கு 999 கூப்பிடும்போது என்ன ஆகும்? சிலவற்றில் நேராகவே போகும், சிலவற்றில் இன்னொரு 9 சேர்த்து 9999 என்று அழுத்தினால்தான் போகும். காட்டில் ஒருவர் பாம்புக் கடியோடு கிடக்கும்போது இதைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது. பொருத்தியவரிடம் கேட்டு, பதிலைப் பெரிய எழுத்தில் அந்தத் தாளின் மேலேயே எழுதுங்கள்.

தினசரிப் பொத்தான்கள்

ஹோல்ட் பொத்தானை அழுத்துங்கள், கையால் வாயை மூடிப் பேசாதீர்கள். கைக்குள்ளே பேசுவது அந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும், "அந்தக் கிழவி மறுபடியும் கூப்பிடுது" என்பதும் சேர்த்து. ஹோல்டில் வைத்தால் முப்பது நாற்பது வினாடிக்கு ஒரு தடவை திரும்பி வந்து "இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நேரமாகும் என்று தெரிந்தால் நம்பரை வாங்கிக்கொண்டு நீங்களே கூப்பிடுவது மேல்.

டிரான்ஸ்பரில்தான் அழைப்பு அறுந்து போவது அதிகம். சாதாரண போனில் பிளாஷ் பொத்தானை ஒரு தடவை தட்டினால் வெளி ஆள் ஹோல்டுக்குப் போவார், உங்களுக்கு டயல் டோன் வரும். உள் எண்ணை அழுத்தி, அந்த மேசைக்காரர் எடுத்ததும் "சங்கத்திலிருந்து பேசறாங்க, எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டு, அவர் சரி என்றதும் நீங்கள் போனை வையுங்கள். அவர் எடுக்கவில்லையா, திரும்பவும் பிளாஷைத் தட்டினால் பெரும்பாலான கருவிகளில் வெளி ஆளிடம் திரும்பி வந்துவிடலாம். பிளாஷ் பொத்தான் இல்லாத போனில் ரிசீவர் வைக்கும் இடத்தைத் தட்டுவார்கள், அதை நீளமாக அழுத்தினால் போனை வைத்துவிட்டதாகவே பெட்டி எடுத்துக்கொள்ளும். இரண்டு வெள்ளி டாப் அப்பில் கூப்பிட்டவர் மறுபடி கூப்பிட மாட்டார். புதுசாக வந்த ஆளுக்கு இந்த ஒன்றையாவது, உள்ளுக்குள்ளேயே ஒரு கைப்பேசியை வைத்துக் கூப்பிட்டு, கை பழகும் வரை செய்யச் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிவிடுகிற டிரான்ஸ்பரும் உண்டு, அவசரத்துக்கு உதவும், ஆனால் அந்த மேசையில் ஆள் இருக்கிறார் என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும்.

பக்கத்து மேசை போன் அடித்தால் எழுந்து ஓட வேண்டாம், பிக்கப் என்று ஒரு கோட் இருக்கும் (ஆஸ்டரிஸ்க்கில் வழக்கமாக *8), உங்கள் போனிலேயே அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். எல்லோரையும் ஒரே பிக்கப் குழுவில் போடச் சொல்லுங்கள். சின்ன ஆபீஸுக்கு வாய்ஸ்மெயிலைவிட இதுதான் அதிகம் உதவும்.

கால் பார்வர்டில் ஒரு தேர்வு இருக்கிறது. எல்லா அழைப்பையும் திருப்பலாம், பேசிக்கொண்டிருந்தால் மட்டும் திருப்பலாம், எடுக்காவிட்டால் மட்டும் திருப்பலாம். தோட்ட ஆபீஸுக்குக் கடைசி வகைதான் பொருந்தும். கைப்பேசிக்குத் திருப்பினால் அந்த இரண்டாவது அழைப்பின் கட்டணம் ஆபீஸ் பில்லில் ஏறும், காட்டுக்குள் சிக்னல் இல்லையென்றால் அந்தக் கைப்பேசியின் சொந்த வாய்ஸ்மெயிலுக்குப் போய் செய்தி அங்கே கிடக்கும், ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அதனால் சிக்னல் உள்ள இடத்தில் இருக்கிறவர் எண்ணை மட்டும் கொடுங்கள்.

வாய்ஸ்மெயில்

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில், எத்தனை தரம் மணி அடித்த பிறகு மெஷின் எடுக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் கூப்பிடுகிறவருக்குக் கேட்கும் மணி இரட்டை இரட்டையாக, ஏறக்குறைய மூன்று வினாடிக்கு ஒரு தரம் அடிக்கும். ஐந்து தரம் என்றால் 15 வினாடி. ஸ்டோரிலிருந்து ஓடி வந்து எடுக்க அது போதாது, 20 முதல் 25 வினாடி வையுங்கள். மணி அடிக்கும் வரை கூப்பிடுகிறவருக்குக் காசு இல்லை, மெஷின் எடுத்த நொடியிலிருந்து அவர் கணக்கில் ஏற ஆரம்பித்துவிடும். ஆகவே வரவேற்புச் செய்தி சுருக்கமாக இருப்பது அவருக்கு நாம் செய்கிற மரியாதை. தோட்டத்தின் வரலாறு, நோக்கம், இணையதள முகவரி எதுவும் அதில் வேண்டாம்.

செய்தியை முதலில் மலாயில், பிறகு தமிழில் பதியுங்கள். இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்களுக்கும் மலாய்தான் பொதுவாக ஓடுகிறது. தமிழில் இப்படி வைக்கலாம்:

"வணக்கம், தோட்ட ஆபீஸ். இப்போது எல்லோரும் காட்டில் இருக்கிறோம். உங்கள் பெயர், இருக்கிற இடம், விஷயம் சொல்லுங்கள், போன் நம்பரை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லுங்கள். பகல் 12 மணிக்குள் கூப்பிடுவோம். லாரி விஷயம், விபத்து என்றால் இப்போதே 0 அழுத்துங்கள்."

இடத்தைச் சொல்லச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "சார், டயர் வெடிச்சிருச்சி, சீக்கிரம் ஆள் அனுப்புங்க" என்று ஒரு டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு விட்ட செய்தியை நான் கேட்டிருக்கிறேன். எந்த பிளாக், எந்த ரோடு, ஒன்றும் இல்லை, நம்பரும் இல்லை. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோகப் பார்ப்பார்கள், நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் கூடித் தரம் இறங்கும். அந்த லாரியைத் தேடி மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற நேரத்தை மெஷின் கேட்கிற ஒரு கேள்வி மிச்சப்படுத்தும். 0 அழுத்தினால் யாருடைய கைப்பேசிக்குப் போக வேண்டும் என்பதைப் பொருத்துகிறவரிடம் சொல்லி அமைக்க வேண்டும், அது தானாக வராது. அமைக்காமல் செய்தியில் மட்டும் சொல்லி வைக்காதீர்கள்.

குரல் யாருடையது? கருவியோடு வருகிற ஆங்கிலக் குரலைக் கேட்டதும் லயத்துப் பாட்டிகள் போனை வைத்துவிடுவார்கள். தினமும் பார்க்கிற கிராணி அக்காவின் குரல் என்றால் பேசுவார்கள். ஆஸ்டரிஸ்க்கில் உங்கள் வாய்ஸ்மெயில் பெட்டியைத் திறந்து 0 அழுத்தி உள்ளே போனால், 1 ஆள் இல்லாதபோது வரும் செய்தி, 2 லைன் பிஸியாக இருக்கும்போது வருவது, 3 பெயர், 4 தற்காலிகச் செய்தி, 5 ரகசிய எண் மாற்றுவது. அந்த நான்காவது நமக்கு ரொம்ப உபயோகம். தீபாவளி, ஹரி ராயா, சீனப் பெருநாள் லீவுக்குத் தனியாகப் பதிந்து, லீவு முடிந்ததும் அழித்துவிட்டால் பழைய செய்தியே திரும்பி வந்துவிடும். ஜனவரி மாதத்தில் தீபாவளி வாழ்த்துச் சொல்கிற ஆபீஸ்கள் நம் பக்கம் இருக்கின்றன.

கேட்பது எப்படி? போனில் சிவப்பு விளக்கு மின்னும், விளக்கு இல்லாத போனில் ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் விட்டு விட்டுக் கேட்கும். கேட்கும்போது ஆஸ்டரிஸ்க்கில் 5 மறுபடி கேட்க, 6 அடுத்தது, 7 அழிக்க, 8 வேறு பெட்டிக்கு அனுப்ப, 9 சேமிக்க. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: தேதி, நேரம், பெயர், நம்பர், விஷயம், யார் திரும்பக் கூப்பிட்டது, எப்போது. கடைசி இரண்டு கட்டமும் நிரம்பாமல் 7ஐ அழுத்தக் கூடாது. பெட்டியைத் திறப்பதற்கு ஒருவர் பொறுப்பு, அவர் லீவு என்றால் இன்னொருவர், இரண்டு பெயரையும் தாளில் எழுதுங்கள். "யாராவது கேட்பாங்க" என்று விட்ட பெட்டி நிரம்பிப்போய் அடுத்த ஆளின் செய்தியை வாங்காது. இண்டர்நெட் வகையில் செய்தியை ஒலிக் கோப்பாக இமெயிலுக்கு அனுப்பும் வசதி உண்டு, இரண்டு பேருக்கும் போகும்படி வையுங்கள்.

கேட்கும்போது கவுண்டரில் ஸ்பீக்கர் போடாதீர்கள். ஐசி நம்பர், ஆஸ்பத்திரி விஷயம், சம்பள முன்பணம் எல்லாம் அதில் வரும், நின்றுகொண்டிருக்கும் பத்துப் பேரும் கேட்பார்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், நம்பிப் பேசினவரின் குடும்ப விஷயம் அது.

ரகசிய எண், இடி, கரண்ட்

பொருத்திவிட்டுப் போகும்போது வாய்ஸ்மெயில் பெட்டியின் ரகசிய எண் 0000, 1234, அல்லது உள் எண்ணே இருக்கும். அன்றைக்கே மாற்றுங்கள். ராத்திரி வெளிநாட்டிலிருந்து நுழைந்து, உங்கள் லைன் வழியாகவே வெளிநாட்டுக்கு அழைப்புகளைப் போட்டுத் தள்ளுகிற திருட்டு உலகம் முழுக்க நடக்கிறது, பில் உங்கள் பெயரில்தான் வரும். வெளிநாட்டுக்குக் கூப்பிடத் தேவையில்லாத ஆபீஸ் என்றால் 00 என்று தொடங்கும் எண்களைச் சிஸ்டத்திலேயே அடைக்கச் சொல்லிவிடுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் பெட்டியையும் அவர் போட்ட பார்வர்டையும் அவர் கடைசி நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

செம்புக் கம்பி லைன் இருந்த காலத்தில் கரண்ட் போனாலும் சாதாரண போன் பேசும், எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஃபைபர் போட்ட பிறகு அந்தக் கதை முடிந்தது, சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், கீபோன் மூன்றுக்கும் கரண்ட் வேண்டும். மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட்டும் பேட்டரிப் பெட்டி) போடுங்கள், ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் இருந்து பிரயோஜனம் இல்லை. இன்னும் செம்பு லைன் வைத்திருப்பவர்கள், கரண்ட் போனால் லைன் நேராக எந்த போனுக்குப் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கீபோன்களில் ஒரு உள் எண்ணுக்கு மட்டும் அப்படிப் போகும், அந்த இடத்தில் கரண்ட் தேவைப்படாத சாதாரண போனை வையுங்கள். மத்தியான இடி நம் பேராக்கில் சொல்லிக்கொண்டு வருவதில்லை, கரண்ட் பக்கம் தடுப்பு வைத்துவிட்டு போன் வயரை மறந்துவிடுவார்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். இரண்டுக்கும் தடுப்பு, பெட்டிக்குச் சரியான எர்த் வயர், இரண்டையும் வயரிங் ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு, சாயங்காலம் ஆபீஸ் மூடியதும் உங்கள் சொந்தக் கைப்பேசியிலிருந்து கூப்பிடுங்கள். எத்தனை வினாடி மணி அடிக்கிறது, செய்தி புரிகிறதா, 0 அழுத்தினால் யார் எடுக்கிறார், நீங்கள் விட்ட செய்தி மறுநாள் நோட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு தடவை போதும், சம்பள நாளுக்கு முந்தின வாரமாக வைத்துக்கொண்டால் நல்லது, அப்போதுதான் போன் அதிகம் வரும்.