புதுச்சேரி – சேலம்: விமான தூரமும் நேரமும் கணக்குப் போடுவது எப்படி?

இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும். லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்திலிருந்து சேலத்துக்குப் போட்டுப் பார்ப்போம். இது கணக்குக்கான உதாரணம்தான். நேரடி விமானம் ஓடுகிறதா என்பதை டிக்கெட் தளத்தில் தனியாகப் பாருங்கள்.

படி 1: விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு. புதுச்சேரிக்கு பி.என்.ஒய்., சேலத்துக்கு எஸ்.எக்ஸ்.வி. எஸ்.எல்.இ. என்று போட்டுவிட்டால் அது அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்துச் சேலம். விடை பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் இங்கேதான் கோளாறு.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகை. ஊரின் புள்ளியை எடுக்காதீர்கள். சேலம் விமான நிலையம் இருப்பது ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில், ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி.

புதுச்சேரி: 11.97, 79.81
சேலம்: 11.78, 78.07

79 பாகை 49 நிமிடம் என்று இருந்தால் அதை 79.49 என்று எழுதக் கூடாது. 49-ஐ 60-ஆல் வகுத்தால் 0.82, ஆக 79.82. இதில் தவறினால் 35 கி.மீ. காணாமல் போய்விடும்.

படி 3: தூரம். ஒரு பாகை அட்சரேகைக்குச் சுமார் 111 கி.மீ. அட்சரேகை வித்தியாசம் 0.19 × 111 = 21 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 1.74 × 111 × 0.98 = 189 கி.மீ. அந்த 0.98, இரண்டு நிலையமும் இருக்கும் சுமார் 12 பாகை அட்சரேகையின் கொசைன். வடக்கே போகப் போக இது குறையும். டெல்லிக்குக் கணக்குப் போடும்போது இதே எண்ணை வைக்காதீர்கள். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 190 கி.மீ. கடல் மைலில் வேண்டுமானால் 1.852-ஆல் வகுங்கள்: 103.

படி 4: பறக்கும் நேரம். புதுச்சேரி ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். அதனால் பெரிய ஜெட்டின் 830 கி.மீ. வேகம் இங்கே பொருந்தாது, விசிறி வைத்த சிறிய விமானமான ஏ.டி.ஆர். 72-இன் 510-ஐ எடுங்கள். 190 ÷ 510 = 0.37 மணி. இது 37 நிமிடம் அல்ல. 60-ஆல் பெருக்கினால் 22 நிமிடம். மேலே ஏறவும் இறங்கவும் வேகம் குறைவு என்பதால் 12 நிமிடம் கூட்டுங்கள். தரையில் ஊர்ந்து போக இரண்டு பக்கமும் சேர்த்து 15. ஆக 50 நிமிடத்தை ஒட்டி வரும். அட்டவணையில் போடுவதும் இப்படித் தரை நேரத்தையும் சேர்த்துத்தான்.

மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று அடித்தாலும் கூடுவது இரண்டு நிமிடம். இவ்வளவு குட்டிப் பயணத்தில் காற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

படி 5: வாசலிலிருந்து வாசல் வரை. உதாரணத்துக்குக் கடலூரில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து லாஸ்பேட்டைக்கு ஒரு மணி, முன்கூட்டிப் போய் நிற்க இரண்டு மணி, விமானம் 50 நிமிடம், பெட்டி எடுக்க 20, காமலாபுரத்திலிருந்து ஊருக்குள் 40. மொத்தம் 4 மணி 50 நிமிடம். அதே கடலூரிலிருந்து விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாகக் காரில் போனால் நாலு, நாலரை மணியில் சேலம். பெங்களூரில் மாறிப் போவதானால் இரண்டு பயணத்துக்கும் படி 3, 4-ஐத் தனித்தனியாகப் போட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.