மலையைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்

கோவை ரேஸ்கோர்ஸில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கள், "வெள்ளியங்கிரி ஒரு வழி ஆறு கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம்" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. மலையில் தூரம் அப்புறம்தான், எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதுதான் முதல் கணக்கு. வெள்ளியங்கிரி என்பது அடுத்தடுத்து ஏறவேண்டிய ஏழு மலைகள். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலைக்கு ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஏற்றம் இருக்கிறது.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது இப்படி வரும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதன்படி பார்த்தால் நல்ல உடல்வாகு உள்ளவர் எங்கும் உட்காராமல் ஏறினாலே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். பழக்கமில்லாதவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த தவறு, ஏற்றத்தில் ஓடுவது. ட்ரெயில் ரன்னிங், அதாவது மலை, காட்டுப் பாதைகளில் ஓடுவது என்றால், எல்லா இடத்திலும் ஓட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல வருடம் மலையில் ஓடியவர்களே செங்குத்தான இடத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். முதல் மலையின் கல்படிகளில் வேகம் காட்டினால் மூன்றாவது மலையிலேயே மூச்சு வாங்கும். "உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, அதனால்தான்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இரண்டாயிரம் மீட்டரைக்கூடத் தொடாத மலையில் அதன் பங்கு குறைவு, வேகம்தான் காரணம். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் வலியோ வந்தால் அதற்கு மேல் ஒரு படிகூட ஏறக் கூடாது. இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பவே வேண்டாம்.

இறக்கத்தைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. முதல் முறை போனபோது நானும் யோசிக்கவில்லை. உச்சியில் காலை வெயிலில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றபோது உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. அந்த உற்சாகத்தில் மண் சரிவுகளில் ஓடி இறங்கினேன். முதல் மலையின் படிகளுக்கு வந்தபோது தொடை இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கின. ஒரு படி இறங்கி, மூங்கில் தடியை ஊன்றி, நின்று, அப்புறம் அடுத்த படி. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் என்னைத் தாண்டி இறங்கிப் போனான். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்திருந்தன.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் எடையைத் தாங்குகிறது. சமதளத்தில் ஓடுவதால் அந்தப் பழக்கம் வராது. தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன, அதனால்தான் வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகிறது. போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் இரண்டு நாள் மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். மலையில் அடிகளைச் சின்னதாக வையுங்கள், குதிகாலை ஊன்றி பிரேக் போடாதீர்கள். நகத்தை வெட்டிவிட்டு, இறங்கும் முன் ஷூ லேஸை கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் விரல் முன்னால் போய் இடிக்காது. தடியைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, உப்புக்கடலை கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். வியர்வையில் நனைந்த பருத்தி பனியனோடு விடியற்காலை உச்சிக் காற்றில் நின்றால் பல் கிட்டிப்போகும். பையில் ஓர் உலர்ந்த சட்டை, காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், இருட்டில் ஏறுவதானால் நெற்றியில் கட்டும் டார்ச். இவ்வளவு போதும்.

வனத்துறை அனுமதி, காட்டுத்தீ விஷயங்களில் மட்டும் விளையாடவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும், மனிதனால் அதை முந்தி ஓட முடியாது. வெள்ளியங்கிரி ஏற வனத்துறை அனுமதிக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களும் புல் காய்ந்து கிடக்கும் காலம்தான். பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் பைக்குள் இருக்கக் கூடாது. அங்கே போளுவாம்பட்டி வனச்சரகம் முழுக்க யானை நடமாட்டம் உண்டு. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாக ஓடுகிறவருக்குக் கிளை முறியும் சத்தம் கேட்காது. வேறு மலைகளுக்குப் போக விரும்பினால், தமிழக அரசு 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது, முன்பதிவு செய்து போகலாம்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவுசெய்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். போன வருடம் நண்பருக்குக் கால் பிடித்துக்கொண்டதால் ஆறாவது மலையிலேயே எங்களுக்கு அந்த நேரம் வந்துவிட்டது. உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தது. ஆண்டி சுனையில் முகம் கழுவிவிட்டு இறங்கிவிட்டோம்.