செங்காந்தள் வளர்ப்பது எப்படி?

ஐப்பசி மாதம் தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் தோட்டம் தோட்டமாகச் செங்காந்தள் பூத்திருக்கும். அங்கே கண்வலிக்கிழங்கு என்பார்கள். மருந்துக்குப் போகும் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் முதலில் நிற்கும் மலைப்பூ இது. நம் மாநில மலரும்கூட. நம் செம்மண்ணில் நன்றாகவே வரும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. செடி முழுக்க விஷம், கிழங்கிலும் விதையிலும் அதிகம். பார்க்கச் சாப்பிடும் கிழங்கு போலவே இருப்பதுதான் ஆபத்து. குழந்தைகளோ ஆடு மாடோ எட்டும் இடத்தில் வைக்கவே வேண்டாம். கையுறை போட்டுத் தொடுங்கள். யாராவது தின்றுவிட்டால், ஒன்றும் தெரியவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காட்டில் தோண்டாதீர்கள், பயிரிடுபவரிடம் வாங்குங்கள். கிழங்கு 'வி' வடிவில் இரண்டு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. அதனால் வாங்கும்போது நுனியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனி, ஆடியில் நடலாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து, அடியில் ஓட்டையுள்ள அகலமான தொட்டியில் நிரப்புங்கள். கிழங்கைப் படுக்கைவாக்கில் வைத்து இரண்டு மூன்று அங்குலம் மண் மூடினால் போதும். ஒரு தண்ணீர் விட்டபின், முளை தெரியும் வரை மேல்மண் காய்ந்தால் மட்டுமே அடுத்தது. தேங்கும் தண்ணீரில் கிழங்கு அழுகிவிடும்.

இலை நுனிதான் இதற்குக் கை. சுருண்டு பிடித்தபடி ஏறும். தடித்த மூங்கிலை அதனால் பிடிக்க முடியாது. மெல்லிய குச்சி, கம்பி, வலை வேண்டும். காங்கேயம் பக்கத்துக் கிளுவை முள்செடி வேலி இருந்தால் அதன் ஓரத்திலேயே நட்டுவிடலாம், ஆடு மேயாத இடமாக இருந்தால். தண்டு சட்டென்று ஒடியும், இழுத்துக் கட்டாதீர்கள்.

மொட்டு பச்சையாகத் தலை கவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கி, ஓரம் நெளிந்து, மஞ்சளும் சிவப்புமாகி, சில நாளில் முழுச்சிவப்பாகும். சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து விலகி நிற்பதால் தன் மகரந்தம் தன்மேல் விழுவது அரிது. காய் வேண்டுமென்றால் காலையில் இன்னொரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துச் சூல்தண்டின் முனையில் தடவுங்கள். பூ மட்டும் போதுமென்றால் இது தேவையில்லை.

அப்புறம் இலை மஞ்சளாகிச் செடி காயும். செத்துவிட்டது என்று பிடுங்க வேண்டாம், தண்ணீரை நிறுத்துங்கள். பழைய கிழங்கு சுருங்கி, மண்ணுக்குள் புதிது உருவாகியிருக்கும். கோடையில் தொட்டியை மழை படாத இடத்தில் அப்படியே விடலாம். வெளியே எடுத்தால் நுனி படாமல் எடுத்து, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து, 'விஷம்' என்று எழுதி ஒட்டி, சமையலறையைவிட்டுத் தள்ளி வையுங்கள்.