அமோர்கோஸில் எந்த ஊரில் தங்குவது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கத்தின் சிக்ளாடிஸ் தீவுகளில் கிழக்கோரம் ஒதுங்கிக் கிடப்பது அமோர்கோஸ். அங்கே போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், பிறகு எல்லோரும் விழுகிற அதே குழியில் போய் விழுகிறார்கள். ஆகஸ்டில் முன்பதிவு செய்யாமல் போகக் கூடாது என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன்.

துறையைப் பார்க்காமல் அறை எடுப்பது

தீவு ஒன்று, கப்பல் துறைகள் இரண்டு. நடுவாக்கில் கட்டாபோலா, வடகிழக்குக் கோடியில் எகியாலி. இரண்டையும் இணைப்பது மலைமுகட்டில் ஏறி இறங்கும் ஒரே சாலை. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. வளைவுக்கு வளைவு ஆடுகள் நிற்கும். இரவில் தார்ச்சாலையிலேயே படுத்திருக்கும். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை இந்த இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் பார்க்கப் படகேறினார்கள் என்பதை அந்தச் சாலையில் ஒருமுறை போனால் நம்புவீர்கள்.

ஒரு கோடையில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து வந்த கப்பல் நள்ளிரவு தாண்டிக் கட்டாபோலாவில் ஒதுங்கியது. பெயர்ப்பலகை பிடித்து நின்ற விடுதிக்காரர்கள் தத்தம் விருந்தினரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கப்பலும் போய்விட்டது. இரண்டு பெரிய பெட்டிகளோடு ஓர் இளம் தம்பதி மட்டும் விளக்குக் கம்பத்தடியில் நின்றார்கள். அவர்களுடைய அறை எகியாலியில். “டிக்கெட்டில் அமோர்கோஸ் என்றுதானே இருக்கிறது?” என்று கணவர் என்னோடு வாதாடினார். இருந்தது. அதை ஒட்டியே கட்டாபோலா என்றும் இருந்தது. தீவில் டாக்சிகள் குறைவு, அந்நேரத்தில் பஸ்ஸும் கிடையாது. கட்டாபோலாவில் கதவு தட்டி ஓர் அறை பிடித்தார்கள். ஒரே இரவுக்கு இரண்டு வாடகை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் தவிர்க்க ஒரு நிமிடம் போதும்.

முதலில் ஊரை முடிவுசெய்யுங்கள். கப்பல் எந்த நாளில் எந்தத் துறையைத் தொடுகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே உங்கள் தேதிக்கு உங்கள் துறையின் பெயரைப் பார்த்தபிறகே டிக்கெட் வாங்குங்கள். திரும்பும் நாளுக்கும் இதேதான். நாக்சோஸ் தீவுக்குப் போகும் ஸ்கோபெலிட்டிஸ் என்ற சின்னக் கப்பல் அதிகாலையில் கட்டாபோலாவிலிருந்து கிளம்பும். எகியாலியில் தங்கிவிட்டு அதைப் பிடிக்க நினைப்பவர், அதே கப்பல் அன்று எகியாலிக்கும் வருகிறதா என்று முதலில் விசாரிக்கட்டும்.

ஹோராவைக் கடலோர ஊர் என்று நினைப்பது

படங்களில் வரும் வெள்ளைச் சந்துகளும் காற்றாலை வரிசையும் தீவின் தலைமை ஊரான ஹோராவில்தான். ஆனால் அது கடற்கொள்ளையர் கண்ணில் படாதபடி முந்நூறு மீட்டருக்கும் மேலே, உள்ளே தள்ளிக் கட்டிய ஊர். குளிக்க வேண்டுமானால் ஆயியா அன்னா கடற்கரைக்கு இறங்க வேண்டும், வெயிலில் திரும்ப ஏறவும் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடகாற்று இரவெல்லாம் ஜன்னலை உலுக்கும். தூக்கம் லேசானவர்கள் யோசிக்கவும்.

நடப்பவர்களுக்கு மட்டும் நான் ஹோராவைத்தான் சொல்வேன். செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்தாற்போல் நிற்கும் ஹோசோவியோட்டிஸ்ஸா மடாலயத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். 1088-இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் கட்டியதாகச் சொல்வார்கள். அரைக்கால்சட்டையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள்.

மலையூரில் அறை, கையில் சக்கரப் பெட்டி

எகியாலி விரிகுடாவுக்கு மேலே தோலாரியா, லங்காதா என்று இரண்டு அழகான ஊர்கள். கார் ஊர் வாசலோடு நின்றுவிடும். அதற்கப்பால் கற்படிகள், படியில் எந்தச் சக்கரமும் உருளாது. முதுகுப் பை என்றால் தாராளமாகத் தங்குங்கள்.

மணலுக்காகக் கட்டாபோலா

வேண்டாம். நீண்ட மணல் எகியாலியில்தான்.

கடைசி இரவையும் தீவிலேயே வைப்பது

அமோர்கோஸில் விமான நிலையம் கிடையாது. காற்று கடுமையானால் துறைமுக அதிகாரிகள் கப்பலை விடமாட்டார்கள். ஏதென்ஸிலிருந்து விமானம் ஏறுபவர் முதல் நாள் இரவே ஏதென்ஸில் இருக்கட்டும்.