விட்டமின் மாத்திரை தினமும் போடுறீங்களா, முதல்ல அட்டையத் திருப்பிப் பாருங்க

குமுளிக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போய்ட்டு வர்ற எங்க மச்சானுக்கு போன வருஷம் கிட்னில கல்லு, விசாரிச்சா கொரோனா சமயத்துல ஆரம்பிச்ச விட்டமின் சி சப்புற மாத்திரைய இன்னும் தினமும் ரெண்டு போட்டுட்டு இருந்துருக்காரு, கேட்டா சத்து மாத்திரதானங்கறாரு. அதனாலதான் வந்துச்சுன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லல, தண்ணி குடிக்காததும் சேர்ந்துருக்கும்னாரு, ஆனா அத உடனே நிறுத்தச் சொல்லிட்டாரு.

அட்டைக்குப் பின்னாடி அஸ்கார்பிக் ஆசிட்னு, அதான் விட்டமின் சி, போட்டு எத்தன மில்லிகிராம்னு இருக்கும் பாருங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 100க்கும் கம்மி. 500, 1000னு போனா அதுல ஒரு பங்கு உடம்புல ஆக்சலேட்டுங்கற கழிவுப்பொருளா மாறி மூத்திரத்துல இறங்குது, கால்சியத்தோட சேர்ந்துச்சுன்னா கல்லு. ஸ்வீடன்ல 2013ல வந்த ஆய்வுல இந்த மாத்திர போட்ட ஆம்பளைங்களுக்கு கல்லு வர்றது ஏறக்குறைய ரெண்டு மடங்கா இருந்துச்சு, மல்டிவிட்டமின் போட்டவங்களுக்கு அப்படி கூடல. ஏற்கனவே கல்லு வந்தவங்க டாக்டரக் கேக்காம சி மாத்திரையத் தொடவே வேண்டாம், ஒரு கொய்யாப்பழமே அன்னிக்குப் போதும்.

கால்சியம் மாத்திர எழுதிக்குடுத்திருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, சாப்பாட்டோட போடலாமான்னு கேட்டுக்கங்க, சாப்பாட்டுல இருக்கற ஆக்சலேட்ட குடல்லயே புடிச்சு வெளிய தள்ளிடும். பால், மோர் தாராளமா சாப்பிடலாம், கல்லுன்னதும் பால நிறுத்துறது தப்பு. விட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதுனத தினமும் போட்டுறாதீங்க, ரத்தத்துல கால்சியம் ஏறி ஆபத்தாயிரும்.

தண்ணிதான் பெரிய விஷயம். தோட்டத்துல ஒதுங்க இடமில்லன்னு பொம்பளைங்க காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் வாய நனைக்காம இருக்காங்க, அது ரொம்ப வேதனையா இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் மூத்திரம் போற அளவுக்குக் குடிக்கணும், மலையாளத்தான் கடையில தர்ற பதிமுகம் மரச்சீவல் போட்டுக் காய்ச்சுன தண்ணியானாலும் சரி, உப்பு போடாத எலுமிச்ச தண்ணியானாலும் சரி. தண்ணி போதுமான்னு மூத்திர நிறத்த வச்சுப் பாக்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, பி காம்ப்ளக்ஸ் போட்ட அன்னிக்கு பளிச்சுன்னு மஞ்சளாத்தான் வரும், பயப்படாதீங்க, ஆனா அன்னிக்கு நிறத்த நம்பவும் முடியாது.

விலாவுல பிடிச்சு அடிவயித்துக்கு இறங்குற வலியோட குளிர்காய்ச்சலும் வந்தா, இல்ல மூத்திரமே வரலன்னா, கஷாயம் வச்சுப் பாத்துட்டு இருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, போறப்ப வீட்டுல போடுற எல்லா மாத்திர அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.